கையில் தொழில் இருக்கிறது, சான்றிதழ் எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, பேருந்து, லோரி போன்ற கனரக வாகனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலும் அதற்கான பயிற்சியும். இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். மன்னர் இல்லை, போர் இல்லை, கோட்டை இல்லை. ஆனால் ஒரு சமூகம் எந்தத் தொழிலை எப்படிக் கற்றது, கற்றதற்கு என்ன அங்கீகாரம் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சமூகம் ஏன் இன்றைய நிலையில் இருக்கிறது என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

காப்பார் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் நோக்கிப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். வல்லம்புரோசா தோட்டம், ஜாலான் அக்கோப் தோட்டம் என்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. இன்றைக்கு அதே சாலையில் இரவும் பகலும் ஓடுபவை லோரிகள். தெற்கே கிள்ளான் துறைமுகம், மேற்கே கடலோரத்தில் 1980களில் எழுந்த மின்நிலையம், நடுவே தொழிற்சாலைகள். மரங்கள் போய் டயர்கள் வந்துவிட்டன. மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் டயரை நம்பி வாழக் கற்றுக்கொண்டார்களா? கற்றார்கள் என்றால், யாரிடம் கற்றார்கள்?

சைக்கிளில் தொடங்கும் கதை

இந்தக் கதையை நான் 1941-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர்களுக்குத் துணையாக நின்றது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல் என்று பல கோரிக்கைகள். அவற்றில் ஒன்று இன்று கேட்டால் விசித்திரமாக இருக்கும். சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது.

சற்று யோசித்துப் பாருங்கள். கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கோரிக்கை! அது இரண்டு சக்கரத்தைப் பற்றிய கோரிக்கை இல்லை. இயந்திரத்தின் மேல் உட்காரும் உரிமை யாருக்கு, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியவன் யார் என்பதைப் பற்றிய கோரிக்கை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டத்தில் இருந்த இந்த ஏற்றத்தாழ்வு தொழிற்கல்வியிலும் இருந்தது. அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

பள்ளி ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம்

இந்த நாட்டில் தொழில்நுட்பக் கல்வி பிந்தி வந்தது என்று சொல்ல முடியாது. 1904-லேயே கோலாலம்பூரில் தொழில்நுட்ப வகுப்பு ஒன்று தொடங்கியது. 1906-ல் அது ட்ரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி ஆனது. 1946-ல் கல்லூரி ஆனது. பின்னாளில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மெக்கானிக், ஃபிட்டர் வேலைகளுக்காக 1926-ல் கோலாலம்பூரில் அரசாங்கத் தொழிற்பள்ளியும் திறக்கப்பட்டது.

அதே காலத்தில் தோட்டத்தில் என்ன நடந்தது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. சில வகுப்புகள் வரை எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஏணி இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் கடைசி வகுப்புக்கும் கோலாலம்பூர்த் தொழிற்பள்ளியின் முதல் வகுப்புக்கும் நடுவே ஆங்கிலம் என்ற ஆறு ஓடியது. அதைக் கடக்கப் பாலம் கட்டுவார் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதுதான் ரயில்வே. கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் 1886-ல் ரயில் ஓடத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் பெரிய ரயில்வே பட்டறை எழுந்தது. செந்தூலும் பிரிக்ஃபீல்ட்ஸும் ரயில்வேத் தமிழர்களின் ஊர்களாயின. அங்கே பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு முறை இருந்தது. எந்தப் பிரிவில் எவ்வளவு காலம், யாருக்குக் கீழே வேலை, எப்போது முழுத் தொழிலாளி என்பதெல்லாம் ஏட்டில் இருந்தன. தோட்டத்துப் பையனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரே மொழி பேசும் இரண்டு பையன்கள். ஒருவன் பெயர் பதிவேட்டில் ஏறியது, இன்னொருவன் பெயர் ஏறவில்லை.

பார்த்துப் பழகிய படிப்பு

ஏறாத பையன்களும் தொழில் கற்றார்கள். தோட்டத்து லோரியைத் துடைப்பதில் தொடங்கினார்கள். டிரைவருக்கு உதவியாளாகப் போனார்கள். ஆலையில் இருந்த டீசல் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றினார்கள். பிறகு சாலையோரச் சீனர் பட்டறைகளில் சேர்ந்தார்கள். தொழிலோடு கூடவே ஹொக்கியன் மொழியும் அவர்கள் வாயில் ஏறியது. சாமான் எடுத்துக் கொடுப்பது, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, டயர் கழற்றுவது. ஓரிரண்டு ஆண்டு இப்படிப் போன பிறகுதான் கையில் ஸ்பேனர் வரும்.

இந்தப் படிப்பை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெட்ரோல் இல்லை, உதிரிப் பாகம் இல்லை. கரி எரித்து வரும் வாயுவில் பேருந்தை ஓட்டினார்கள். அதை ஓட வைத்ததில் பட்டறைக் கைகளின் சாமர்த்தியம் பெரிய பங்கு. போருக்குப் பின் பெட்ஃபோர்ட், லேலண்ட், ஆஸ்டின் என்று பிரிட்டிஷ் வண்டிகள் நிறைந்தன. எல்லாம் அங்குல அளவு. பிறகு இசுசு, ஹினோ, நிசான் என்று ஜப்பானிய வண்டிகள் வந்தன. எல்லாம் மில்லிமீட்டர். பட்டறையில் இருந்த ஸ்பேனர் செட்டையே மாற்ற வேண்டி வந்தது. யாரும் வகுப்பு நடத்தவில்லை. போல்டின் தலையைக் கண்ணால் பார்த்தே ‘பதினேழு கொண்டா, பத்தொன்பது கொண்டா’ என்று சொல்லும் அளவுக்குத் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

1973-ல் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் வந்ததும் கனரக வண்டிகளின் தேவை பெருகியது. மறுபுறம் தோட்டங்கள் சுருங்கின. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக வீடமைப்புக்குப் போனது. காப்பாருக்குப் பக்கத்தில் இருந்த நார்த் ஹம்மோக் தோட்டம்தான் இன்றைக்கு செத்தியா ஆலாம் என்ற நகரம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பையன்கள் பலருக்கு முதல் கதவைத் திறந்தது பட்டறைதான்.

ஆனால் அந்தப் படிப்பில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒன்று, எத்தனை ஆண்டில் தொழில் முடியும் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி ‘நீ தேறிவிட்டாய்’ என்று சொன்னால்தான் உண்டு. இரண்டு, செய்யும் முறை தெரியும்; காரணம் தெரியாது. மூன்று, பட்டறையை விட்டு வெளியே வந்தால் கையில் காகிதம் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஏட்டில் ஏறாத சுரைக்காய்க்குச் சந்தையில் பாதி விலைதான் கொடுக்கிறார்கள். நம்மவர்கள் பலர் ஆயுள் முழுக்க அந்தப் பாதி விலைக்கே உழைத்தார்கள்.

கோயம்புத்தூர் சொல்லும் பாடம்

இங்கே தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை உங்களுக்குத் தெரியும். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாதவர். ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஓட்டித் திரியவில்லை. பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். அதுதான் அவருடைய கல்லூரி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கி, பின்னர் பெரிய பேருந்து நிறுவனத்தையே நடத்தினார்.

தானே கற்றவர் என்பதால், பட்டறைப் படிப்பே போதும் என்று அவர் சொல்லவில்லை. 1945-ல், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் சொல்லிக் கொடுக்க முடியும், மாணவர்களின் காலம் வீணாகிறது என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

அவருடைய இரண்டு ஆண்டுக் கணக்கு சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது வேறு. பட்டறைக்கும் பள்ளிக்கும் நடுவே இருக்கும் சுவரை உடைக்க வேண்டும் என்று, இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு தமிழர் அன்றைக்கே முயன்றார்.

ஏழாண்டு ஒப்பந்தம் முதல் இரட்டைப் பயிற்சி வரை

இந்தச் சுவரை உலகம் எப்படிக் கையாண்டது? இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டமே, கைத்தொழில் செய்பவன் ஏழு ஆண்டு பயிற்சியில் இருக்க வேண்டும் என்றது. அந்த விதி 1814-ல் நீக்கப்பட்டது. ஜெர்மனி இன்னொரு வழியில் போனது. பயிற்சியாளன் வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் வேலை, சில நாள் தொழிற்பள்ளியில் பாடம். இதற்கு 1969-ல் நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்தது. பயிற்சி ஒப்பந்தம், உதவித்தொகை, முடிவில் தேர்வு எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அடங்கின. இந்தியாவில் 1961-லேயே தொழிற்பயிற்சியாளர் சட்டம் வந்துவிட்டது.

நம் நாட்டில் 1971-ல் தேசிய அளவில் தொழிற்பயிற்சி, தொழில் சான்றிதழ் வாரியம் அமைந்தது. 1989-ல் அது தேசியத் தொழிற்பயிற்சி மன்றமாக மாறியது. பழைய தொழிலாளர்கள் ‘எம்.எல்.வி.கே. சான்றிதழ்’ என்று சொல்வது அதைத்தான். 2006-ல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மனிதவள அமைச்சின் கீழ் திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே., அந்தப் பொறுப்பை ஏற்றது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் கிடைக்கும். அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா.

இவற்றில் நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது 2005-ல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம். எஸ்.எல்.டி.என். என்பார்கள். ஜெர்மன் முறையைத் தழுவியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், 20 முதல் 30 விழுக்காடு பயிற்சி மையத்தில். பட்டறையில் கை பழகும். வகுப்பில் காரணம் புரியும். 1926-ல் பாலம் இல்லாத ஆற்றைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? எண்பது ஆண்டு கழித்துப் பாலம் வந்தது. கடப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

காரணம் தெரிந்தால் உயிர் தப்பும்

‘செய்யத் தெரிந்தால் போதாதா, காரணம் எதற்கு?’ என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்காகப் பிரேக்கை வைத்து விளக்குகிறேன்.

லோரியிலும் பேருந்திலும் பெரும்பாலும் காற்றுப் பிரேக். இயந்திரம் சுழலும்போது கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கிறது. டிரைவர் மிதித்தால் அந்தக் காற்று சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் சேம்பருக்குப் போய் ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஒரு நெம்புகோலைத் திருப்ப, உள்ளே பிரேக் லைனிங் விரிந்து டிரம்மைப் பிடிக்கிறது. லைனிங் தேயத் தேய, தண்டு கூடுதல் தூரம் தள்ள வேண்டும். அந்தத் தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சமதரையில் ஓட்டிப் பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகும், சூடானால் விரியும், விரிந்தால் தண்டு இன்னும் தூரம் போக வேண்டும். எல்லை முடிந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பலன் இல்லை.

இந்தத் தளர்வைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவி இப்போதைய வண்டிகளில் இருக்கிறது. பழைய பழக்கத்தில் ஊறிய மெக்கானிக் என்ன செய்வார்? தளர்ந்திருக்கிறதே என்று ஸ்பேனரை எடுத்துக் கையால் முறுக்கி விடுவார். அப்போதைக்குப் பிரேக் பிடிக்கும். ஆனால் தானாகச் சரிசெய்ய வேண்டிய கருவி ஏன் செய்யவில்லை? அந்தக் கருவியே பழுதாக இருக்கலாம், வேறு பாகம் தேய்ந்திருக்கலாம். கையால் முறுக்கினால் நோய் மறைந்து நிற்கும், குணமாகாது. வண்டி கொஞ்ச நாளில் மறுபடி பழைய நிலைக்கே வந்துவிடும். அப்போது அது மலை இறக்கத்தில் இருக்கலாம், உள்ளே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கலாம். மெக்கானிக் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவருக்கு யாரும் காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலைச்சாலையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் டிரைவரைப் பற்றிப் பேசுகிறோம், சாலையைப் பற்றிப் பேசுகிறோம். வண்டியைப் பராமரித்த கைகளுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. சோதனை நாள் ஆண்டில் இரண்டு. மற்ற நாளெல்லாம் அந்த வண்டி மெக்கானிக்கை நம்பித்தான் ஓடுகிறது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

வரலாற்றிலிருந்து நமக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. பயிற்சி உண்மையான பயிற்சியாக இருக்க நான்கு இருக்க வேண்டும்: எழுத்தில் ஒப்பந்தம், முடியும் காலம், மாத உதவித்தொகை, முடிவில் வெளியார் நடத்தும் மதிப்பீடு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பயிற்சி மலிவான கூலி வேலையாக மாறிவிடும். உங்கள் பிள்ளையை ஒரு நிறுவனத்தில் சேர்க்கும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தப் பயிற்சி ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்றதா? எந்த நிலைச் சான்றிதழ்? கனரக வாகனத்துக்கா, காருக்கா? முதல் ஆண்டு முழுக்க வண்டி கழுவும் வேலைதான் என்றால், அது பயிற்சி இல்லை.

முதல் ஆண்டில் ஒரு பையன் பாதுகாப்பைக் கற்றிருக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, தாங்குகால் வைக்க வேண்டும். சக்கரத்து நட்டுகளை எதிரெதிராக, சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். அடுத்து பிரேக், கிளட்ச், கியர் பெட்டி. பிறகு இயந்திரம், எரிபொருள் முறை, மின்னமைப்பு. இப்போது கணினியைச் செருகித்தான் கோளாறைக் கண்டுபிடிக்கிறார்கள். 2015-ல் சன்வேயில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றில் இருக்கும் மின் அழுத்தம் கை வைத்தால் உயிரை எடுக்கக் கூடியது. அதைப் ‘பார்த்துப் பழகலாம்’ என்று யாரும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே பத்து, இருபது ஆண்டு தொழிலில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. முன் அனுபவ அங்கீகாரம் என்று ஒரு முறையை ஜே.பி.கே. வைத்திருக்கிறது. செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். நம்மவர்களில் இதற்குத் தகுதி உள்ள அண்ணன்மார்கள் எவ்வளவோ பேர். ‘இந்த வயதில் எனக்கு எதற்குக் காகிதம்’ என்று விட்டுவிடுகிறார்கள். காகிதம் உங்களுக்கு மட்டும் இல்லை. நாளைக்கு நீங்கள் பயிற்றுநராக நின்றால், உங்களிடம் கற்கும் பையனுடைய சான்றிதழுக்கும் அதுதான் அடித்தளம்.

எஸ்.பி.எம். தேர்வில் சரியாக வராத பிள்ளையை ‘மெக்கானிக் வேலைக்குத்தான் லாயக்கு’ என்று வீட்டில் திட்டுகிறோம். அந்த வார்த்தையை இன்றோடு விட்டுவிடுவோம். பேருந்தில் ஏறி உட்காரும் ஒவ்வொருவரும் முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் தம் உயிரைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அப்படிப்பட்ட பொறுப்புக்கு அரைகுறைப் பயிற்சி போதாது. அந்தப் பொறுப்பைச் சுமப்பவனுக்கு அரைக் கூலியும் நியாயம் இல்லை. 1941-ல் நம் முன்னோர்கள் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்று நின்றார்கள். நம் பிள்ளைகள் பட்டறைக்குள் போகட்டும். பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் போகட்டும்.